சிம்போராசோ மாகாணம்: மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கிப் பேசலாமா?

மலையடிவாரம்

எவரெஸ்டை விட உயரமான மலை ஈக்வடாரில் இருக்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தளத்திலும் பழைய இழைகளில் அதைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே பனிச் சிகரத்தின் படம், கீழே நாலு வரி, அதோடு சரி. அந்த மலையின் பெயரிலேயே ஒரு மாகாணம் இருக்கிறது, 2022 கணக்கெடுப்புப்படி அங்கே ஏறக்குறைய 4 லட்சத்து 72 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள், அதில் மூன்றில் ஒருவருக்கு மேல் கிச்சுவா பூர்வகுடிகள். அவர்களைப் பற்றி யாருமே எழுதாதது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தலாக இருக்கிறது. என் கணவரின் வேலை காரணமாகச் சில வருடங்கள் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் இருந்தோம், ரியோபாம்பா பக்கம் அடிக்கடி போவோம். தெரிந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் நில அமைப்பு. ஈக்வடாரில் ஆண்டிஸ் இரண்டு தொடர்களாக வடக்கிலிருந்து தெற்கே போகிறது, நடுவில் உயரமான பள்ளத்தாக்கு. மாகாணத் தலைநகர் ரியோபாம்பா அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 2,750 மீட்டரில் இருக்கிறது, ஊட்டியை விட ஐந்நூறு மீட்டர் மேலே. வடமேற்கில் சிம்போராசோ, 6,263 மீட்டர். கிழக்கில் அல்தார், துங்குராவா, சங்காய் என்று வரிசையாக எரிமலைகள். இதே மாகாணத்தின் தென்மேற்கு மூலையில் குமாண்டா என்று ஓர் ஊர், கடல்மட்டத்திலிருந்து வெறும் 300 மீட்டர்தான், அங்கே கரும்பும் வாழையும் கொக்கோவும் விளைகிறது. ஒரே மாவட்டத்துக்குள் என்று சொல்லத்தக்க தூரத்தில் வாழைத்தோட்டமும் பனிப்பாறையும் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மாகாணத்தில் எந்த உயரத்தில் யார் வாழ்கிறார்கள் என்பது இயற்கையாக அமைந்ததில்லை. நானூறு வருடங்களாக ஆளை ஆள் மேலே தள்ளியதன் விளைவு அது. உயர வரைபடத்தை எடுத்து வைத்தால் யாருக்கு நல்ல நிலம் போனது, யாருக்குக் கல்லும் குளிரும் போனது என்பது அப்படியே தெரியும்.

கோணமானி

நல்ல இழை அம்மா. ஆனாலும் அந்த வாட்ஸப் செய்தியை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நான் நில அளவைத் துறைக்காரன், விட மனசு வரவில்லை.

சிம்போராசோ எவரெஸ்டை விட உயரம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் 8,848 மீட்டர், இது 6,263. தென் அமெரிக்காவிலேயே இதை விட உயரமான மலைகள் நிறைய உண்டு. விஷயம் என்னவென்றால் பூமி நடுவில் பெருத்திருக்கிறது, நிலநடுக்கோட்டில் ஆரம் துருவத்தை விட சுமார் 21 கிலோமீட்டர் அதிகம். சிம்போராசோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒன்றரை டிகிரியில் நிற்கிறது, எவரெஸ்டோ வடக்கே 28 டிகிரியில். அதனால் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் சிம்போராசோ உச்சி 6,384 கிலோமீட்டர் சொச்சம், எவரெஸ்ட் அதை விட 2 கிலோமீட்டர் குறைவு. பெருவில் உள்ள வாஸ்கரான் சிகரம் இந்தக் கணக்கில் சிம்போராசோவுக்குச் சில பத்து மீட்டர்தான் பின்னால் நிற்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

பூமி நடுவில் பெருத்திருக்கிறதா, துருவத்தில் நீண்டிருக்கிறதா என்ற சண்டையைத் தீர்ப்பதற்குத்தான் 1735-ல் பிரெஞ்சு அறிவியல் குழு கிளம்பி, 1736-ல் இந்தப் பகுதிக்கே வந்தது. பூகேர், லா கொண்டமீன், கோதேன் ஆகியோர் கீட்டோ பக்கத்திலிருந்து தெற்கே குவெங்கா நகரம் வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்கள், வழியில் இந்த மாகாணம் முழுக்க அந்த முக்கோணங்கள் கிடக்கின்றன. 1738-ல் பூகேர் சிம்போராசோ சரிவில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். இழுத்தது, ஆனால் அவர் எதிர்பார்த்ததை விட ரொம்பக் குறைவாக. நூறு வருடம் கழித்து இமயமலை அடிவாரத்தில் இந்திய நில அளவைக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது, அங்கிருந்துதான் மலைக்கு அடியில் ஆழமான, எடை குறைந்த வேர் இருக்கிறது என்ற கருத்து பிறந்தது.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் இந்த மலையில் ஏறியது 1802 ஜூன் 23. அதே வருடம் ஏப்ரலில்தான் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை பக்கத்தில், முக்கோண அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஹம்போல்ட் ஏறும்போது உலகத்திலேயே உயரமான மலை சிம்போராசோதான் என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது. பிறகு சில வருடங்களில் இந்தியப் பக்கம் இமயச் சிகரங்களின் அளவுகள் வெளிவர, பட்டம் பறிபோனது.

கரிசல்காட்டான்

கோணமானி அண்ணே, அருமை. ஆனா எனக்கு மலையடிவாரம் அக்கா கடைசியில் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆளை ஆள் மேலே தள்ளியது என்றால் எப்படி? நிலம் யார் கையில் இருந்தது? குத்தகையா, பண்ணையா, என்ன முறை?

மலையடிவாரம்

தம்பி, அதுதான் நடுப்புள்ளி.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் புருவா மக்கள். அவர்கள் மீது இன்கா ஆட்சி வந்தது, அதற்குப் பின் ஸ்பானியர். 1534-ல் கோல்ட்டா ஏரிக்குப் பக்கத்தில்தான் ஸ்பானியர்கள் இந்த நாட்டில் தங்கள் முதல் நகரத்தை அறிவித்தார்கள், பல்பனேரா என்ற சிறிய தேவாலயம் அந்தக் காலத்தை ஒட்டியது என்று இன்றும் காட்டுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தாக்கின் சமநிலம், ஆற்றுப் பாசனம் உள்ள இடம் எல்லாம் அசியெந்தா எனப்படும் பெரும் பண்ணைகளாயின. பூர்வகுடிகளுக்கு மிஞ்சியது சரிவு. சரிவுக்கும் மேலே பாரமோ, அதாவது 3,500 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளி, மரம் கிடையாது, கோரை போல் முரட்டுப் புல்லும் எந்நேரமும் மூடுபனியும்.

பண்ணையில் வேலை செய்யும் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள், அதற்கு வாசிபுங்கோ என்று பெயர். அந்தத் துண்டுக்குப் பதிலாக வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஆண்டை நிலத்தில் உழைக்க வேண்டும், மனைவியும் பிள்ளைகளும் பண்ணை வீட்டில் முறை வைத்து வேலை செய்ய வேண்டும். துண்டு நிலம் சொந்தமும் ஆகாது. கடன் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அப்பாவின் கடன் மகனுக்கு வரும். கடனுக்காகச் சிறையில் அடைப்பதை 1918-ல் சட்டப்படி நிறுத்தினார்கள், வாசிபுங்கோ முறையே ஒழிந்தது 1964 நிலச் சீர்திருத்தத்தில்தான். அறுபது வருடத்துக்கு முன்னால்! இன்று இதே மாகாணத்துக் குவாமோத்தே ஊர்ச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுப் பாட்டி பண்ணையாளின் மகளாகப் பிறந்தவள்.

1964 சட்டத்திலும் ஒரு சூது இருந்தது. பண்ணையார்கள் பல இடங்களில் கொடுத்தது மேட்டு நிலம். தண்ணீர் பாயும் கீழ்நிலத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, சரிவில் கல்லாங்காட்டை அளந்து கொடுத்தார்கள். 1973-ல் இரண்டாவது சட்டம் வந்தது. குவாமோத்தே பகுதியில் எழுபது, எண்பதுகளில் சமூகங்களே திரண்டு போராடித்தான் பண்ணைகளை உடைத்தார்கள். அங்கே இன்று மக்கள்தொகையில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பூர்வகுடிகள், 1992-ல் மரியானோ குரிகாமா அந்த ஊரின் முதல் பூர்வகுடி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பிறகு மாகாணத் தலைவராகவும் ஆனார். ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இது. எனக்கு இதைச் சொல்லும்போது இன்னும் சிலிர்க்கிறது.

நூலகப்பூனை

அக்கா 1964-க்கு வந்துவிட்டார்கள், அதற்கு முன்னால் 1871-ஐ விட்டுவிட முடியாது.

அப்போது அதிபர் கார்சியா மொரேனோ ஆட்சி. நாட்டைச் சாலை போட்டு நவீனமாக்குகிறேன் என்று கிளம்பினார், சாலை போட்டது பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பு. அதற்கு மேல் தேவாலயத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வரி, அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கினார்கள். 1871 டிசம்பரில் ரியோபாம்பாவுக்குப் பக்கத்திலுள்ள கச்சா என்ற மலைக்கிராமத்தில் வரி வசூலிக்க வந்தவரை மக்கள் கொன்றுவிட்டார்கள். அங்கிருந்து கலகம் பரவியது. பெர்னாண்டோ தாகிலேமா என்ற இளைஞரைத் தங்கள் அரசராக அறிவித்தார்கள், தேவாலயத்தில் மாதா சிலைக்கு இருந்த கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. மானுவேலா லியோன் என்ற பெண் பூனின் ஊர்மீது நடந்த தாக்குதலை முன்னின்று நடத்தினார்.

சில நாட்களிலேயே ராணுவம் வந்து அடக்கிவிட்டது. 1872 ஜனவரியில் மானுவேலாவைச் சுட்டுக் கொன்றார்கள், ஏப்ரல் 8-ஆம் தேதி யாருகியேஸ் ஊர்ச் சதுக்கத்தில் மக்களைக் கூட்டி நிறுத்தி, அவர்கள் கண்முன்னே தாகிலேமாவைக் கொன்றார்கள். 2010-ல் ஈக்வடார் நாடாளுமன்றம் இருவரையும் நாட்டின் வீரர்களாக அறிவித்தது. 138 வருடம் ஆகியிருக்கிறது.

யாழினி

நான் மாணவி, ஒன்றும் தெரியாமல் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேவாலயம் வரி பிடுங்கியது என்கிறீர்கள். ஆனால் வேறு இடத்தில் படித்தபோது ரியோபாம்பா ஆயர் ஒருவர்தான் பூர்வகுடிகளுக்காக நின்றார் என்று இருந்தது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

நூலகப்பூனை

இரண்டும் உண்மை யாழினி, நடுவில் எண்பது வருடம் இருக்கிறது.

அவர் பெயர் லியோனிதாஸ் ப்ரோவான்யோ. 1910-ல் இபாராவுக்குப் பக்கத்தில் ஏழைத் தொப்பி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், 1954 முதல் 1985 வரை ரியோபாம்பா ஆயர். அவர் வந்தபோது மறைமாவட்டமே ஒரு பண்ணையார், சபைக்குச் சொந்தமாகப் பெரிய அசியெந்தாக்கள் இருந்தன. அரசு சட்டம் போடுவதற்கு முன்னாலேயே சபை நிலத்தைப் பூர்வகுடிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற நிலவுடைமையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! கம்யூனிஸ்ட் என்றார்கள், ரோமிலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். 1976 ஆகஸ்டில் பல நாட்டு ஆயர்கள் ரியோபாம்பாவில் மறைமாவட்டத்தின் தியான இல்லத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது ராணுவ அரசு துப்பாக்கியோடு புகுந்து எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனது.

ஆனால் அவர் செய்ததிலேயே எனக்குப் பெரியதாகத் தெரிவது 1962-ல் தொடங்கிய வானொலிப் பள்ளி. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகள், பள்ளிக்கூடம் கிடையாது, இருந்தாலும் ஸ்பானிஷ் மட்டும்தான். இவர் ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டியும் உள்ளூரில் ஒரு துணை ஆசிரியரும் ஏற்பாடு செய்தார். விடியற்காலையும் மாலையும், அதாவது பண்ணை வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும், கிச்சுவா மொழியிலேயே எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு. 1979-ல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் வரை ஈக்வடாரில் எழுத்தறிவில்லாதவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அதை மனதில் வைத்து அந்த வானொலியைப் பாருங்கள்.

மலையடிவாரம்

பூனையார் சொன்ன அதே வானொலி அமைப்புதான் பின்னாளில் இயற்கை முறை கீன்வா தானியச் சாகுபடியையும் ஏற்றுமதியையும் தொடங்கி வைத்தது. இன்று அந்த விவசாயிகளே கோப்ரோபிச் என்ற தங்கள் கூட்டமைப்பு வழியாக வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில் ஆரம்பித்து சந்தை வரை வந்திருக்கிறது.

யாழினி, மதம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோல்ட்டா ஏரிக்கரைக் கிராமங்கள் எல்லாம் இன்று பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். வட அமெரிக்க மிஷனரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள், பல வருடம் ஆள் சேரவில்லை. நிலச் சீர்திருத்தத்தோடு சேர்ந்துதான் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். காரணம் எனக்குப் புரிந்தவரை இப்படி: பழைய ஊர்த்திருவிழாவை நடத்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், சாராயம், இசை, சாப்பாடு எல்லாம் அவர் செலவு, கடன் பண்ணையாரிடமோ சாராயக் கடைக்காரரிடமோ வாங்க வேண்டும். புதிய சபையில் குடி இல்லை, திருவிழாச் செலவு இல்லை, பாட்டும் வேதமும் கிச்சுவாவில். கத்தோலிக்கச் சபை தன்னைத் திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் பாதிப்பேர் வேறு வாசல் வழியாக வெளியே போனார்கள். ஆனால் 1990 ஜூன் மாதப் பூர்வகுடி எழுச்சியில் நெடுஞ்சாலையில் மரத்தையும் பாறையையும் போட்டு மறித்தபோது இரண்டு சபைக்காரர்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள். இந்த மாகாணம் அந்த எழுச்சியின் பலமான இடங்களில் ஒன்று.

பயணப்பை

நான் அங்கே போயிருக்கிறேன், அரசியல் எனக்கு இவ்வளவு தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

ரியோபாம்பாவில் தெருக்கள் எல்லாம் அகலமாக, நேர்க்கோடாக இருக்கும். காரணம் 1797 பிப்ரவரி 4-ல் வந்த பூகம்பம். பழைய ஊர் இப்போதைய கோல்ட்டா பக்கம் இருந்தது, பக்கத்துக் குன்று அப்படியே சரிந்து ஊரின் ஒரு பகுதியை மூடிவிட்டது. மிஞ்சியவர்கள் தாப்பி சமவெளிக்கு வந்து புதிதாகக் கோடு போட்டுக் கட்டினார்கள். 1830-ல் ஈக்வடார் தனி நாடாகி முதல் அரசியலமைப்பை எழுதியதும் இந்த ஊரில்தான்.

லா மெர்சே சந்தைக்கு யாரும் போகாமல் வராதீர்கள். முழுப் பன்றியை அடுப்பில் சுட்டு வரிசையாக வைத்திருப்பார்கள், அதோடு உருளைக்கிழங்கு அடை. அங்கே பழச்சாறு விற்கும் அம்மாக்கள் சிம்போராசோவிலிருந்து வெட்டி வந்த பனிக்கட்டியைச் சாற்றில் போட்டுக் கொடுத்தார்கள், நான் போனபோது. அந்தப் பனியைக் கொண்டு வந்தவர் பல்தசார் உஷ்கா. பதினைந்து வயதிலிருந்து அந்த வேலை. குவானோ பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து கழுதைகளோடு ஏறி, மண் மூடிய பனிப்பாறையைக் கோடாரியால் வெட்டி, மலைப்புல்லால் சுற்றிக் கட்டி இறக்குவார். ஒரு காலத்தில் நிறைய பேர் செய்த தொழில், குளிர்சாதனப் பெட்டி வந்த பின் ஒவ்வொருவராக நிறுத்த, கடைசியில் அவர் மட்டும். ஆவணப்படங்கள் வந்தன, அருங்காட்சியகத்தில் பேசினார், நாடறிந்த மனிதர். 2024 அக்டோபரில் 80 வயதில் காலமானார்.

இன்னொன்று, மலையின் மேற்குப் பக்கம் பாலைவனம் மாதிரி இருக்கிறது, அரேனால் என்கிறார்கள். அங்கே லாமாவின் உறவான விகுன்யா மந்தைகளைப் பார்க்கலாம். ஈக்வடாரில் அடியோடு அழிந்துபோன விலங்கு, 1988-ல் பெருவும் சிலியும் கொடுத்ததை விட்டு வளர்த்தார்கள், இப்போது ஏழாயிரத்துக்கும் மேல். இது ஒன்று நன்றாக நடந்திருக்கிறது. ஆனால் அதே பாரமோவை விவசாயிகள் உழுதுகொண்டே மேலே ஏறுகிறார்கள், 3,800 மீட்டரில் எல்லாம் உருளைக்கிழங்கு வயல் பார்த்தேன். தண்ணீருக்கு ஆதாரமே அந்தப் புல்வெளிதானே, அவர்களே அதைக் கெடுத்தால் யார் காப்பாற்றுவது?

கரிசல்காட்டான்

பயணப்பை சார், அந்தக் கடைசி வரியை ஏற்கவே முடியாது. மேலே இருக்கிற இரண்டு பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? கீழே உள்ள நல்ல நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு சரிவில் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவனுக்கு என்ன மிஞ்சும்? மேலே ஏறாமல் வேறு எங்கே போவான்? குவாயாகில் துறைமுக நகரத்துக்குச் சுமை தூக்கப் போவான், அவ்வளவுதான். எங்கள் ஊரிலும் மேய்ச்சல் புறம்போக்கை உழுதவனைத்தான் திட்டுவார்கள், ஆற்றுப் படுகையை வளைத்தவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

பயணப்பை

நீங்கள் சொல்லும் நியாயம் புரிகிறது தம்பி. ஆனால் யார் மீது குற்றம் என்பது வேறு, புல்வெளி போகிறது என்பது வேறு. உழுதுவிட்டால் அந்த மண் திரும்ப வராது என்கிறார்கள். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக ஊற்று வற்றாமல் இருக்குமா?

மலையடிவாரம்

இரண்டு பேர் சொல்வதும் அந்த ஊர்க் கூட்டங்களிலேயே பேசப்படுகிற விஷயம்தான். பாரமோ மண் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். எரிமலைச் சாம்பலும் குளிரில் மக்காத புல்லும் சேர்ந்து உருவானது, மழையையும் மூடுபனியையும் உறிஞ்சி வைத்து மெதுவாக விடும். ஆடு மிதித்தாலோ ஏர் கிளறினாலோ காய்ந்து இறுகிவிடும், பிறகு பழையபடி தண்ணீர் பிடிக்காது. இது மேலே இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும், முதலில் ஊற்று வற்றுவது அவர்கள் வீட்டுப் பக்கம்தான்.

பல சமூகங்கள் ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து ஒரு கோட்டுக்கு மேல் உழுவதை நிறுத்தியிருக்கின்றன, செம்மறியாட்டைக் குறைத்து லாமா, அல்பாகா வளர்க்கிறார்கள். அவற்றின் பாதம் மெத்தென்று இருக்கும், புல்லை வேரோடு பிடுங்காது. ஆனால் அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி கால்வாய் வழியாகக் கீழே நகரத்துக்கும் பெரிய தோட்டங்களுக்கும் போகிறது. மேலே உள்ளவன் உழாமல் இருப்பதற்குக் கீழே உள்ளவன் என்ன கொடுக்கிறான் என்ற கேள்விக்கு உருப்படியான பதில் வராதவரை, பயணப்பை, அவர்களிடம் மட்டும் தியாகம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கரிசல்காட்டான் பக்கம்தான்.

கோணமானி

வயல் மேலே ஏறுவதற்கு இன்னொரு காரணம், பூமி சூடாகி, குளிர் மேலே ஏறுகிறது. ஹம்போல்ட் சிம்போராசோவை வைத்து எந்த உயரத்தில் எந்தச் செடி என்று ஒரு பெரிய படம் வரைந்து 1807-ல் வெளியிட்டார். 2012-ல் ஆய்வாளர்கள் அதே சரிவில் ஏறிப் பார்த்து, செடிகள் 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கின்றன என்று 2015-ல் எழுதினார்கள். 2019-ல் வேறொரு குழு, ஹம்போல்டின் செடிகளில் பெரும்பாலானவை உண்மையில் வடக்கே அந்திசானா எரிமலையில் சேகரித்தவை, சிம்போராசோவில் இல்லை என்று காட்டி அந்த எண்ணைக் குறைத்தது. குறைத்த பிறகும் இருநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம் உறுதியாக இருக்கிறது. பக்கத்திலுள்ள கரிவைராசோ எரிமலையின் பனிப்பாறை ஏறக்குறைய முடிந்தே போயிற்று.

சிம்போராசோ பனிக்குள் இன்னொரு கதையும் இருந்தது. 1976 ஆகஸ்ட் 15-ல் கீட்டோவிலிருந்து குவெங்காவுக்கு 59 பேரோடு கிளம்பிய விமானம் காணாமல் போனது. 2002-ல்தான் மலையேறிகள் சிம்போராசோவின் மேல்சரிவில் அதன் சிதைவைக் கண்டார்கள். 26 வருடம் அந்தக் குடும்பங்கள் எதுவும் தெரியாமல் காத்திருந்தன.

நூலகப்பூனை

தெற்கே அலவுசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குவாயாகிலையும் கீட்டோவையும் இணைத்த ரயில்பாதை அங்கேதான் மலையேறுகிறது. சாத்தான் மூக்கு என்று ஒரு செங்குத்துப் பாறை, அதில் வளைந்து ஏற இடமே கிடையாது, அதனால் ரயில் முன்னால் போய், நின்று, பின்னால் போய் என்று இசட் வடிவில் ஏறும். ஜமைக்காவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள், வெடிமருந்திலும் நோயிலும் நிறைய பேர் செத்தார்கள். 1908-ல் கீட்டோவை எட்டியது. 2020-ல் அரசு அந்த ரயில் நிறுவனத்தையே கலைத்துவிட்டது.

அதே அலவுசியில் 2023 மார்ச் 26 இரவு மலைச்சரிவு இறங்கி ஒரு குடியிருப்புப் பகுதியையே மூடியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் கிடைக்கவே இல்லை. மாதக்கணக்கில் முன்னாலேயே சாலையில் விரிசல் விட்டிருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் வீட்டை விட்டு எங்கே போவது என்று பலர் தங்கிவிட்டார்கள்.

மலையடிவாரம்

நன்றி பூனையாரே, அது கட்டாயம் சொல்ல வேண்டியது. வடக்கே பெனிப்பே பக்கமும் இதே கதைதான். துங்குராவா 1999-ல் விழித்தது, 2016 வரை விட்டுவிட்டுக் கக்கியது, 2006 ஆகஸ்டில் சரிவிலிருந்த கிராமங்கள் எரிந்தன. பெனிப்பே ஊரில் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். ராத்திரி அங்கே படுத்துக்கொண்டு, பகலில் பழைய நிலத்துக்குப் போய்ச் சோளம் நட்டவர்கள் ஏராளம். ஆபத்து தெரியாமல் போகவில்லை. புது வீட்டோடு நிலம் கொடுக்கவில்லையே.

யாழினி

எல்லோருக்கும் நன்றி. கல்லூரி முடித்தபின் ஒரு தடவை போகவே போகிறேன். எப்படித் திட்டமிடுவது, அக்கா?

மலையடிவாரம்

போ கண்ணு, கட்டாயம் போ. கீட்டோவிலிருந்து ரியோபாம்பாவுக்குப் பேருந்தில் நாலு மணி நேரம் போல ஆகும். வந்த உடனே மலைப்பக்கம் ஓடாதே, இரண்டு மூன்று நாள் ஊரிலேயே இருந்து மூச்சுப் பழகட்டும். சிம்போராசோவில் முதல் தங்குமிடம் 4,800 மீட்டருக்கு மேல், வண்டியே அதுவரை போகும், ஆனால் பழகாத உடம்புக்குத் தலைவலியும் வாந்தியும் நிச்சயம். அலவுசி ரயில் எப்போது ஓடும், ஓடாது என்று மாறிக்கொண்டே இருக்கிறது, போகும் முன் விசாரித்துக்கொள். கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொள், கிச்சுவாவில் வணக்கம் சொல்லவாவது தெரிந்துகொள், முகமே மாறும் அவர்களுக்கு. ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேள்.

வாரத்தில் எந்த நாள் என்று யோசித்தால் வியாழக்கிழமை குவாமோத்தேயில் இருக்கும்படி பார்த்துக்கொள். அன்றுதான் சந்தை. சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்து விடியும் முன்னே இறங்கிவிடுவார்கள், ஆடும் பன்றியும் லாமாவும் மேட்டில் ஒரு பக்கம், கீன்வா, பார்லி, உருளை ஒரு பக்கம். பத்து மணிக்கு மேல் போனால் கால்நடைச் சந்தை கலைந்திருக்கும், அதனால் முந்தின நாள் இரவே அங்கே தங்கிவிடு.